நோயா, தொற்றா? காசநோய்ச் சோதனைக்கு எழுதித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொது மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும், பரிசோதனை முகாம் நடத்துவோருக்கும்,

வணக்கம்.

‘டிபி டெஸ்ட்’ என்று மட்டும் எழுதிய சீட்டோடு ஒருவர் ஆய்வகத்துக்கு வருகிறார். அங்கிருப்பவர் சளி வாங்க வேண்டுமா, கையில் ஊசி போட வேண்டுமா, ரத்தம் எடுக்க வேண்டுமா? சீட்டில் விடை இல்லை. எது எளிதோ அது நடந்துவிடுகிறது. சளி கொடுத்திருக்க வேண்டியவர் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இந்த மடலை எழுத வைத்தது அந்தச் சீட்டுதான்.

அந்த இரண்டு சொற்களுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இவருக்கு இப்போது காசநோய் இருக்கிறதா என்பது ஒன்று. காசநோய்க் கிருமி இவர் உடலில் எப்போதாவது புகுந்து தங்கியிருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கிருமியையே தேட வேண்டும்: சளியில், நெறிகட்டியில், மூளைத்தண்டுவட நீரில், நோய் எங்கே இருக்கிறதோ அங்கே. இரண்டாவது கேள்விக்கு, உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்கின்றனவா என்று பார்த்தால் போதும். மாண்டூ ஊசியும், இன்டர்ஃபெரான் காமாவை அளக்கும் ‘இக்ரா’ ரத்தப் பரிசோதனையும் அதற்காக வந்தவை. அவற்றால் நோயையும் தொற்றையும் பிரித்துச் சொல்ல முடியாது.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தத் தொற்றைச் சுமந்திருப்பதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் 5 முதல் 10 சதவீதம்தான். எனவே மூன்று வாரமாக இருமுபவருக்கு மாண்டூ ‘பாசிட்டிவ்’ வந்தால் அவருடைய இருமலைப் பற்றி அது அநேகமாக எதுவும் சொல்லவில்லை. ‘நெகட்டிவ்’ வந்தால் இன்னும் ஆபத்து. நோய் முற்றியவர்கள், உடல் மெலிந்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோரிடம் நோயெதிர்ப்பு சோர்ந்துபோய், நோய் இருக்கும்போதே இந்தச் சோதனைகள் ஒன்றும் காட்டாமல் போகலாம். ‘டிபி இல்லை’ என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டில் இருமிக்கொண்டிருப்பார். நோய்க்கான கேள்விக்குத் தொற்றுக்கான சோதனையை எழுதாதீர்கள். இந்த மடலில் வேறெதையும் ஏற்காவிட்டாலும் இதை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நோய் இருக்கிறதா என்று யாரிடம் தேடுவது? இரண்டு வாரமோ அதற்கு மேலோ இருமல், மாலையில் ஏறும் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, துணி நனையும் அளவுக்கு இரவு வியர்வை, சளியில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் சளி கேளுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இரண்டு வாரக் கணக்கு பொருந்தாது. ஒரு நாள் இருமலும் போதும். காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர், சர்க்கரை நோயாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஸ்டீராய்டு எடுப்பவர், கல் உடைப்பிலும் சுரங்கத்திலும் சிலிக்கா தூசியைச் சுவாசிப்பவர், சிறையிலோ நெருக்கமான விடுதியிலோ இருப்பவர், முன்பு ஒருமுறை காசநோய்க்கு மருந்து எடுத்தவர் ஆகியோரிடம் சின்ன அறிகுறியையும் தட்டிக்கழிக்கக் கூடாது. சர்க்கரை நோயே காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது.

இருமல் இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. பல நாடுகளில் மக்களிடையே நடந்த காசநோய்ப் பரவல் ஆய்வுகளில், சளியில் கிருமி உறுதியானவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கேட்டபோது அறிகுறி எதையும் சொல்லவில்லை. மார்பு எக்ஸ்ரேயின் இடம் இங்கேதான். நுரையீரலில் ஏதோ இருக்கிறது என்று அது நன்றாகக் காட்டும். அது காசநோய்தானா என்று அதனால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயைக் கணினியே படித்து மதிப்பெண் தரும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ஆள் பற்றாத இடங்களில் அது பெரிய உதவி. ஆனாலும் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் அடுத்து எழுத வேண்டியது சளிப் பரிசோதனையை. மாத்திரையை அல்ல.

மாத்திரை என்றதும் மருந்தாளுநர்களிடமும் பொது மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நீண்ட இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளைச் சளி எடுப்பதற்கு முன்னால் கொடுக்காதீர்கள். அவை காசநோய்க் கிருமியையும் தாக்கும். சில நாள் காய்ச்சல் இறங்கும், இருமல் தணியும், நோயாளி ‘சரியாகிவிட்டது’ என்று போய்விடுவார். கிருமி அழியாமல் எண்ணிக்கையில் மட்டும் குறைந்திருக்கும். அப்போது எடுக்கும் சளி எதையும் காட்டாமல் போகலாம். சில வாரங்களில் நோய் திரும்பும்போது, மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குத் தேவைப்படும் அந்த மருந்துக்கே கிருமி பழகியிருக்கவும் கூடும். வேறு கிருமித்தொற்றுக்கு மருந்து தந்தே ஆக வேண்டும் என்றால், முதலில் சளிக் கிண்ணத்தைக் கொடுங்கள். பிறகு அந்த வகையைத் தவிர்த்து வேறு மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

சளி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்திரம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதற்குள் எச்சிலை ஊற்றினால் எச்சிலுக்கான விடைதான் வரும்.

கிண்ணத்தை நீட்டி ‘துப்பிக்கொண்டு வாங்க’ என்றால் எச்சில்தான் வரும். நோயாளி தண்ணீரால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். உணவுத் துணுக்கும் வாய்க் கிருமிகளும் போவதற்காக இது. கொப்பளித்த நீர் சளியோடு கலக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் நீரில் வாழும் வேறு மைகோபாக்டீரியாக்கள் (காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தவை) நுண்ணோக்கியிலும், ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையிலும் காசநோய்க் கிருமிபோல வந்து குழப்பும். பிறகு மூச்சை நன்றாக உள்ளிழுத்துச் சில நொடி அடக்கி விட வேண்டும். இப்படி இரண்டு முறை. மூன்றாவது மூச்சோடு நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி, வருவதைக் கிண்ணத்தில் இட வேண்டும். 3 முதல் 5 மி.லி. வேண்டும். கெட்டியாக, மஞ்சளாகவோ கொழகொழப்பாகவோ இருந்தால் நல்ல சளி. நுரைத்துத் தெளிந்திருந்தால் எச்சில். மறுபடி முயலச் சொல்லுங்கள். திறந்த வெளியில், எதிரே யாரும் நிற்காத இடத்தில் இருமச் சொல்லுங்கள். கழிப்பறையும் மூடிய அறையும் வேண்டாம். அடுத்து அங்கே நுழைபவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார்.

இரண்டு மாதிரி எடுப்பதாக இருந்தால் ஒன்று வந்த இடத்திலேயே, மற்றொன்று மறுநாள் காலை எழுந்தவுடன். இரவெல்லாம் தேங்கிய சளியில் கிருமி அதிகம் இருக்கும். பெயரும் தேதியும் கிண்ணத்தின் உடலில் எழுதப்பட வேண்டும்; மூடியில் எழுதினால் மூடி மாறும்போது ஆளும் மாறிவிடுவார். உடனே அனுப்ப முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். சளி வராதவருக்கு அடர்த்தியான உப்புநீரை ஆவியாக்கி மூச்சில் இழுக்கவைத்துச் சளியை வரவழைக்கலாம். காற்றோட்டமும் தகுந்த முகக்கவசமும் இல்லாத அறையில் அதைச் செய்யவே கூடாது.

இனி அந்தச் சளியை எதில் பார்ப்பது? 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்தபோது சாயமிட்டு நுண்ணோக்கியில்தான் காட்டினார். அந்த முறை இன்றும் பயன்படுகிறது. ஆனால் ஒரு மி.லி. சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். ஜீன்எக்ஸ்பெர்ட் போன்ற மூலக்கூறு சோதனை நூற்றுச் சொச்சம் கிருமிகளையே பிடித்துவிடும். அதன் ‘அல்ட்ரா’ வடிவத்துக்கு இருபதுக்கும் குறைவாக இருந்தாலே போதும். இரண்டு மணி நேரத்துக்குள் விடை வரும், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் சேர்ந்தே வரும். உலக சுகாதார நிறுவனம் இதை 2010-இல் ஏற்றது. கிடைக்கும் இடத்தில் இதுவே முதல் சோதனையாக இருக்கட்டும். நுண்ணோக்கியை முதலில் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று அனுப்பும் பழக்கத்தைக் கைவிடுங்கள்.

ஜீன்எக்ஸ்பெர்ட் செய்யும்போது ஆய்வகத்தில் தடுமாறும் இடங்கள் சில உண்டு. ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு கரைப்பான் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மொத்தம் 15 நிமிடம் வைக்க வேண்டும். நடுவில் 5 முதல் 10 நிமிடத்துக்குள் இன்னொரு முறை குலுக்க வேண்டும். அவசரத்தில் இந்த நேரத்தைக் குறைத்தால் கட்டி கரையாது. கட்டியோடு 2 மி.லி. எடுத்துக் கார்ட்ரிட்ஜில் ஊற்றினால் எந்திரம் பிழை காட்டி நின்றுவிடும். ‘பிழை’ என்பதும் ‘செல்லாது’ என்பதும் ‘நெகட்டிவ்’ ஆகாது. அவற்றுக்கு மறுசோதனைதான் விடை. ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பும் தவறு இன்னும் நடக்கிறது.

இந்தச் சோதனை மரபணுவைத் தேடுகிறது. கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இதைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது. அதற்கு நுண்ணோக்கியும் வளர்ப்புச் சோதனையும். முன்பே சிகிச்சை முடித்த ஒருவரிடம் அல்ட்ரா ‘டிரேஸ்’ (மிகச் சிறிய தடயம்) என்று காட்டினால் அது பழைய கிருமியின் எச்சமாக இருக்கலாம். எக்ஸ்ரேயும் வளர்ப்பும் பார்த்த பிறகே முடிவெடுங்கள். அதே ‘டிரேஸ்’ ஒரு குழந்தையிடமோ எச்.ஐ.வி. உள்ளவரிடமோ வந்தால் நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்து ஒன்றுதான். யாருடைய சளி என்பது பொருளை மாற்றுகிறது.

வளர்ப்புச் சோதனை மெதுவானது, ஏனென்றால் கிருமியே மெதுவானது. அது ஒருமுறை பெருக 15 முதல் 20 மணி நேரம் எடுக்கும். திட ஊடகத்தில் எட்டு வாரம் வரை, திரவ ஊடகத்தில் ஆறு வாரம் வரை காத்திருக்க நேரலாம். ஆனால் ஒரு மி.லி.யில் 10 முதல் 100 கிருமி இருந்தாலும் வளர்த்துக் காட்டும். பல மருந்துகளை அதன்மீது சோதித்தும் பார்க்கலாம். எக்ஸ்பெர்ட் ரிஃபாம்பிசினை மட்டும் பார்த்து ‘எதிர்ப்பு இல்லை’ என்று சொன்னால், இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியாசிடுக்கு எதிர்ப்பு மறைந்திருக்க இடமுண்டு. முன்பு மருந்து எடுத்தவருக்கும், எடுக்கும் மருந்துக்குக் குணம் தெரியாதவருக்கும் வளர்ப்பு கட்டாயம் வேண்டும்.

ஒரு ‘நெகட்டிவ்’ எவ்வளவு நம்பத் தக்கது? நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாமல் வளர்ப்பில் மட்டும் கிருமி வளர்ந்த நோயாளிகளில் மூன்றில் ஒருவரை முதல் தலைமுறை எக்ஸ்பெர்ட் தவறவிட்டது. அறிகுறி தொடர்ந்தால் புதிய சளியோடு மறுபடி அனுப்புங்கள். குழந்தைகளிடம் இது இன்னும் முக்கியம். அவர்கள் உடலில் கிருமி குறைவு, சளியையும் விழுங்கிவிடுவார்கள். விடியலில் வெறும் வயிற்றில் எடுத்த இரைப்பை நீர், மூக்கின் பின்புறத்திலிருந்து உறிஞ்சிய சளி, மலம் ஆகிய எல்லாவற்றிலும் எக்ஸ்பெர்ட் செய்யலாம். அப்போதும் கிருமி கிடைக்காமல் போகலாம். எடை ஏறவில்லை, விளையாட மறுக்கிறது, வீட்டில் ஒருவருக்குக் காசநோய், எக்ஸ்ரேயில் மாற்றம் என்று எல்லாம் கூடிவந்தால், தாளில் ‘இல்லை’ என்று இருப்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். மூளைக்காய்ச்சல் ஐயத்திலும் அப்படியே.

அறுவை சிகிச்சை அறையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். நெறிகட்டியையோ முதுகெலும்பு திசுவையோ எடுத்தவுடன் முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அதன்பின் அதை வளர்க்கவே முடியாது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரியாமலே போய்விடும். எடுக்கும்போதே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு துண்டு ஃபார்மலினில் நோயியல் பிரிவுக்கு, ஒரு துண்டு சலைனில் நுண்ணுயிரியல் பிரிவுக்கு. இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டிய நிலை நோயாளிக்கு வராது.

எச்.ஐ.வி. முற்றிய நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குச் சிறுநீரிலேயே ஒரு சோதனை உண்டு, ‘லாம்’ என்பார்கள். 60 மைக்ரோலிட்டர் சிறுநீரை அட்டையில் விட்டால் 25 நிமிடத்தில் கோடு தெரியும். சளி தர முடியாத நிலையில் படுத்திருப்பவர்களுக்கு இது உயிர் காக்கும். கோடு வராததை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி, தொற்று. இதை எல்லோரிடமும் கேட்க வேண்டியதில்லை. தொற்று நோயாக மாறும் வாய்ப்பு அதிகமாக இருப்பவர்களிடமும், தொற்று தெரிந்தால் தடுப்பு மருந்து கொடுக்க நீங்கள் தயாராக இருக்கும்போதும் மட்டும் கேளுங்கள். காசநோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர், உறுப்பு மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், சிலிக்கோசிஸ் உள்ளவர், இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடங்கவிருப்பவர். இந்தக் கடைசிப் பிரிவினருக்கு மருந்து தொடங்கும் முன்பே சோதனை முடிந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களிலும் வீட்டில் நோயாளி உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும், நோய் இல்லை என்று உறுதியானால், இந்தச் சோதனை கிடைக்கவில்லை என்பதற்காகத் தடுப்பு மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம்.

தொற்று நுழைந்தபின் சோதனையில் தெரிய 2 முதல் 8 வாரம் ஆகும். நோயாளியோடு பழகிய மறுவாரமே வந்த ‘நெகட்டிவ்’ முடிவல்ல. கடைசியாகப் பழகிய நாளிலிருந்து 8 முதல் 10 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசி போட வேண்டியிருந்தால் தடுப்பூசியையும் சோதனையையும் ஒரே நாளில் செய்யுங்கள், இல்லையேல் தடுப்பூசிக்குப் பின் 4 முதல் 6 வாரம் விடுங்கள்.

மாண்டூ எளிதாகத் தெரியும். தவறுகள் அங்கேதான் அதிகம். முன்கையின் உட்புறத்தில் 0.1 மி.லி. மருந்தைத் தோலுக்குள்ளேயே செலுத்த வேண்டும். 6 முதல் 10 மி.மீ. அகலத்தில் வெளிறிய கொப்புளம் எழ வேண்டும். எழாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். குறைந்தது 5 செ.மீ. தள்ளி மறுபடி போடுங்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும். சிவப்பை அளக்கக் கூடாது. விரலால் தடவித் தடிப்பின் விளிம்புகளைக் கண்டு, கையின் நீளவாட்டுக்குக் குறுக்கே அளந்து, மி.மீ. கணக்கில் எழுதுங்கள். தடிப்பே இல்லையென்றால் ‘0 மி.மீ.’ என்று எழுதுங்கள். ‘நெகட்டிவ்’ என்ற சொல்லிலிருந்து அடுத்தவர் எதையும் திரும்ப அறிய முடியாது. எச்.ஐ.வி. உள்ளவருக்கும் அண்மையில் நோயாளியோடு பழகியவருக்கும், தினம் 15 மி.கி. பிரெட்னிசோலோனோ அதற்கு மேலோ ஒரு மாதம் எடுத்தவருக்கும் 5 மி.மீ. இருந்தாலே பாசிட்டிவ். மற்ற ஆபத்துப் பிரிவினருக்குப் பொதுவாக 10. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டவர்களிடம் பொய்யாகத் தடிக்கலாம்.

இக்ராவுக்கு பி.சி.ஜி. குழப்பம் இல்லை, நோயாளி திரும்ப வர வேண்டியதும் இல்லை. ஆனால் ரத்தத்தைக் கையாளும் விதத்தில் அது கெடும். குவாண்டிஃபெரான் பிளஸ் என்றால் நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 1 மி.லி. உட்சுவர் முழுதும் ரத்தம் படும்படி பத்துமுறை குலுக்க வேண்டும். ஓங்கிக் குலுக்கினால் முடிவு பிறழும். 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைக்க வேண்டும். ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்று வந்தால் ஒன்று நோயெதிர்ப்பு மிகத் தளர்ந்திருக்கிறது, அல்லது குழாய் வெயிலிலோ தாமதத்திலோ கெட்டிருக்கிறது. எப்படியிருந்தாலும் அது ‘இல்லை’ ஆகாது.

மாண்டூவோ இக்ராவோ பாசிட்டிவ் என்றால் உடனே தடுப்பு மருந்து எழுதிவிடாதீர்கள். அறிகுறி கேட்டு, எக்ஸ்ரே பார்த்து, ஐயமிருந்தால் சளியும் பார்த்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தொடங்க வேண்டும். நோயாளிக்குத் தடுப்பு மருந்தான ஐசோனியாசிடை மட்டும் தனியாகக் கொடுத்தால், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியை நாமே வளர்த்துவிடுவோம்.

காசநோய்க்கு ரத்தத்தில் ‘ஐஜிஜி, ஐஜிஎம்’ எதிர்பொருள் பார்க்கும் சோதனையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நோயாளியையும் நோயற்றவரையும் அது சரியாகப் பிரிப்பதில்லை. பயன்படுத்தவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. எழுதாதீர்கள், செய்து கொடுக்காதீர்கள்.

முகாம் நடத்துவோருக்கு ஒரு கணக்கு. 10,000 பேரில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயற்றவர்களில் 98 சதவீதத்தைச் சரியாக விலக்கும் ஒரு நல்ல சோதனை. 9 பேரைப் பிடிக்கும். கூடவே நோயே இல்லாத ஏறத்தாழ 200 பேருக்கும் பாசிட்டிவ் சொல்லும். அதே சோதனையை, 10,000 பேரில் 200 பேருக்கு நோய் இருக்கும் குழுவில், அதாவது நோயாளிகளின் வீட்டாரிடையே செய்யுங்கள். 180 பேர் கிடைப்பார்கள், பொய்யாக வருபவர்கள் 196 பேர்தான். பெரிய கூட்டத்தைக் கூட்டுவதைவிட, சென்ற மாதம் பதிவான நோயாளிகளின் வீடுகளுக்கு ஒருவரை அனுப்புவது அதிகப் பேரைக் காப்பாற்றும். எங்கே செய்தாலும், முதல் பாசிட்டிவ் வந்தவர்களை உறுதிச் சோதனைக்கு யார் எந்த நாளில் அழைத்துப்போவார்கள் என்று எழுதிவைத்த பிறகே முகாமைத் தொடங்குங்கள்.

கடைசியாக, அந்தச் சீட்டுக்கே வருகிறோம். ‘டிபி டெஸ்ட்’ என்ற இடத்தில் இவற்றை எழுதித் தாருங்கள்: தேடுவது நோயா, தொற்றா. மாதிரி எந்த உறுப்பிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது. முன்பு காசநோய் மருந்து எடுத்தவரா, எந்த ஆண்டு. எச்.ஐ.வி. நிலை தெரியுமானால், நோயாளியின் ஒப்புதலோடு. கடந்த ஒரு மாதத்தில் லெவோஃப்ளாக்சசின் வகை மருந்து எடுத்தாரா. முடிவை யாரிடம், எந்த எண்ணில் சொல்ல வேண்டும். எழுத ஒரு நிமிடம் ஆகும். வந்த முடிவை எப்படிப் படிப்பது என்பதற்கு ஆய்வகத்தில் அந்த ஆறு தகவலும் வேண்டும்.

இப்படிக்கு,
காசநோய் ஆய்வகங்களிலும் சிகிச்சைப் பிரிவுகளிலும் பணிபுரிவோர்